நாடாளுமன்றம் தானே சட்டம் இயற்றி ஒரு கட்சியைக் கலைக்கலாமா? ஆஸ்திரேலியா 1950–51

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி 30-ஆம் நாள் ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடை செய்வது தொடர்பாக நடந்த விவாதத்தைப் பற்றிப் படித்தேன். அந்த உறுப்பினர்கள் கட்சியைத் தடை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்வதா என்பதைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அந்த நாட்டின் அரசியலமைப்பில் நாடாளுமன்றத்துக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதானாம்.

இதையொட்டித் தேடியபோது ஆஸ்திரேலியாவின் 1950-ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் கட்சிக் கலைப்புச் சட்டம் கண்ணில் பட்டது. அங்கே நாடாளுமன்றமே நேரடியாகச் சட்டம் இயற்றி, பெயரைச் சொல்லி, ஒரு கட்சியைக் கலைத்திருக்கிறது. ஐந்து மாதங்கள்கூட முடியுமுன் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. (அங்கே உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம்.)

என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பலாத்காரத்தால் ஆட்சியைக் கவிழ்ப்பதைக் கொள்கையாகக் கொண்ட கட்சியைத் தடுத்து நிறுத்தும் உரிமை ஒரு மக்களாட்சிக்கு உண்டு என்பதே என் எண்ணம். கட்சியைத் தடை செய்வோம் என்று வாக்காளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்று, இரு அவைகளிலும் மாதக்கணக்கில் விவாதித்து நிறைவேற்றிய சட்டத்தை ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் எந்த அடிப்படையில் தள்ளினார்கள்? ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பட்டியலே கிடையாது என்கிறார்களே, அப்படியானால் எதை மீறியதாக அந்தச் சட்டம் விழுந்தது? விவாதத்தின்போதே இது செல்லாது என்று எவரும் எச்சரிக்கவில்லையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

நல்ல கேள்வி. விவாதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீதிமன்றத்தில் சட்டத்தை வீழ்த்திய குறைகள் அனைத்தும் அவையிலேயே வெளிப்பட்டுவிட்டன.

ராபர்ட் மென்சிஸ் தலைமையிலான லிபரல்–கன்ட்ரி கட்சிக் கூட்டணி 1949 டிசம்பரில் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டின் நடுவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் மின்சாரமும் எரிவாயுவும் முடங்கி, தொழிற்கட்சிப் பிரதமரான பென் சிஃப்லியே இராணுவத்தைச் சுரங்கங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நிலக்கரி, துறைமுகம், இரும்பு, கப்பல் ஆகிய தொழில்களின் சங்கங்களில் கம்யூனிஸ்டுகள் வலுவாக இருந்தார்கள். ஆனால் மத்திய நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆகவே கலைக்கப்படும் கட்சியின் சார்பில் அவையில் பேச யாருமில்லை என்பதை இந்த விவாதத்தைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

1950 ஏப்ரல் 27 அன்று மென்சிஸ் மசோதாவை அறிமுகப்படுத்தினார். தொழிற்சங்கங்களில் முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி 53 பேரின் பெயர்களை அவையில் வாசித்தார். சில நாட்களில் அவரே எழுந்து, அவற்றுள் ஐந்து பெயர்களைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அரசே தயாரித்து, நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் வாசித்த பட்டியலில் பத்தில் ஒரு பெயர் பிழை. மசோதா சட்டமான பிறகு இதே போன்ற பட்டியல் ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கும் ஆணையாக மாறும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த மசோதாவுக்கு எதிராக அந்த ஒரு நிகழ்வைவிட வலுவான வாதத்தை எதிர்க்கட்சியினரால்கூட எடுத்துவைக்க முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி மசோதாவின் கட்டமைப்பு. மென்சிஸ் சாதாரண அரசியல்வாதி அல்லர். தேர்ந்த அரசியலமைப்பு வழக்கறிஞர். மத்திய அரசின் அதிகாரத்தை விரிவாக்கிய 1920-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பொறியாளர் வழக்கில், இருபத்தைந்து வயதில் வாதாடி வென்றவர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 51-ஆம் பிரிவு பட்டியலிட்டுத் தந்த அதிகாரங்களே உண்டு என்பதும், அந்தப் பட்டியலில் அரசியல் கட்சிகள் இல்லை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். நாட்டின் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ்தான் இதைக் கொண்டுவர முடியும். ஒரு கட்சியைக் கலைப்பது நாட்டுப் பாதுகாப்புக்கான சட்டம்தான் என்று எப்படிக் காட்டுவது? அதற்காகத்தான் ஒன்பது பத்திகள் கொண்ட முகப்புரை ஒன்று மசோதாவின் தலையில் வைக்கப்பட்டது. அரசியலமைப்பு இன்னின்ன அதிகாரங்களைத் தந்துள்ளது, கம்யூனிஸ்ட் கட்சி பலாத்காரத்தாலும் நாசவேலையாலும் ஆட்சியைக் கவிழ்க்க முனைகிறது, முக்கியத் தொழில்களை முடக்க முயல்கிறது, ஆகவே இந்தச் சட்டம் பாதுகாப்புக்கு அவசியமானது என்று அந்த முகப்புரை வரிசையாக அறிவித்தது. அதாவது, குற்றச்சாட்டும் தீர்ப்பும் சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டுவிட்டன.

அதன் பிறகு வருபவை கடுமையான விதிகள். நான்காம் பிரிவு கட்சியை நேரடியாகக் கலைத்து, அதன் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. ஐந்தாம் பிரிவு, கட்சியோடு தொடர்புடையவை என்று கருதும் அமைப்புகளையும் சட்டவிரோதமானவை என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆளுநருக்கு, நடைமுறையில் அமைச்சரவைக்கு, வழங்கியது. கலைக்கப்பட்ட கட்சியில் தொடர்ந்து இயங்கினால் ஐந்தாண்டுச் சிறை. ஒன்பதாம் பிரிவின்படி, 1948 மே 10-ஆம் தேதிக்குப் பிறகு எப்போதேனும் கட்சி உறுப்பினராகவோ கம்யூனிஸ்டாகவோ இருந்த ஒருவர் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கக்கூடியவர் என்று அரசு கருதினால், அவர் பெயரை அறிவித்துவிடலாம். அதன் பின் மத்திய அரசுப் பணியிலோ குறிப்பிட்ட தொழிற்சங்கங்களின் பொறுப்பிலோ அவர் இருக்க முடியாது.

அறிவிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆனால் தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை மசோதா அவர் மீதே சுமத்தியது. தொழிற்கட்சியின் எதிர்ப்பில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் குவிந்தது. பிறகு அரசு சற்றே இறங்கிவந்து, அவர் தாமே கூண்டில் ஏறிச் சாட்சியம் அளித்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கு மாறும் என்று திருத்தியது. அப்போதும் நீதிமன்றம் விசாரிக்கக்கூடியது அவர் கம்யூனிஸ்டா இல்லையா என்பதை மட்டுமே. அவரால் நாட்டுக்குக் கேடு உண்டா என்பது அரசின் முடிவு. அதை எந்த நீதிபதியும் தொட முடியாது. அறிவிப்பின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கும்போது, அதை மட்டும் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியதைத்தான் நான் இந்தச் சட்டத்தின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

எச்சரித்தவர்கள் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஒருவரைப் பற்றி இரகசியமாகப் புகார் சொல்லி, அதை மெய்ப்பிக்காமலேயே அவர் பெயரைக் கெடுக்கப் பொய்யருக்கும் பொய்ச்சாட்சிக்காரருக்கும் இந்த மசோதா கதவைத் திறக்கிறது என்ற பொருளில் சிஃப்லி அவையில் கடுமையாகப் பேசினார். ஆயினும் அவருடைய கட்சி மசோதாவை முற்றாக எதிர்க்கத் துணியவில்லை. கம்யூனிஸ்டுகளுக்குத் துணை போகிறவர்கள் என்ற பழிக்கு அவர்கள் அஞ்சினார்கள். கட்சிக்குள்ளேயே கம்யூனிச எதிர்ப்பணி வலுவாக இருந்தது. மேலவையான செனட்டில் தொழிற்கட்சிக்கே பெரும்பான்மை இருந்ததால், திருத்தங்களைச் சேர்த்து ஜூனில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார்கள்; கீழவை அவற்றை ஏற்க மறுக்க, மசோதா தேங்கி நின்றது. ஜூன் 25 அன்று கொரியப் போர் தொடங்கியதும் காற்று மாறிவிட்டது. செப்டம்பர் இறுதியில் மசோதா மீண்டும் வந்தது. அக்டோபரில் தொழிற்கட்சியின் மத்திய நிர்வாகக் குழு, அதை நிறைவேற விடுங்கள் என்று தன் செனட்டர்களுக்குக் கட்டளையிட்டது. மனச்சாட்சிப்படி எதிர்த்துப் பேசியவர்களே வாய்மூடி வழிவிட்டார்கள். 1950 அக்டோபர் 20-இல் அது சட்டமாயிற்று. அன்றைக்கே கட்சியும் தொழிற்சங்கங்களும் நீதிமன்றத்தை நாடின.

துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்துக்காக வாதாட வந்தவர் எச். வி. எவட். அவர் அதே நீதிமன்றத்தில் பத்தாண்டுகள் நீதிபதியாக இருந்தவர், ஐ.நா. பொதுச் சபையின் தலைவராக இருந்தவர், அந்த நேரத்தில் தொழிற்கட்சியின் துணைத் தலைவர். கம்யூனிஸ்ட் தலைமையில் உள்ள சங்கத்துக்காக வாதாடுவது தம் அரசியல் வாழ்வுக்கு எவ்வளவு கேடு என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டார். 1951 மார்ச் 9 அன்று, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், சட்டம் முழுவதும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

எதை மீறியதாக விழுந்தது என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: அது எந்த உரிமையையும் மீறியதாக விழவில்லை, நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்பதால் விழுந்தது. பாதுகாப்பு அதிகாரம் உண்டு என்றால், ஒன்று பாதுகாப்போடு தொடர்புடையதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். நாடாளுமன்றம் தன் சட்டத்தின் முகப்புரையிலேயே தொடர்புடையது என்று எழுதிக்கொண்டால் அதிகாரம் பிறந்துவிடாது. நீதிபதி ஃபுல்லகர் இதற்கு ஒரு கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டினார்: கலங்கரை விளக்கங்களைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் என்பது, சட்டம் இயற்றுபவர் எதையெல்லாம் கலங்கரை விளக்கம் என்று நினைக்கிறாரோ அதையெல்லாம் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் ஆகாது. பெரும்போர் நடக்கும் காலத்தில் பாதுகாப்பு அதிகாரம் விரியும், அப்போது அமைச்சரின் கருத்தை வைத்தே ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். 1950 அக்டோபரில் ஆஸ்திரேலியா அத்தகைய நிலையில் இல்லை என்பதே அவர்களின் முடிவு.

இரண்டாம் பதில்

மேலே எழுதிய நண்பர் விவரங்களைச் சரியாகத் தந்திருக்கிறார். ஆனால் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ஜான் லேதமைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு ஏமாற்றமாக உள்ளது. இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரைக் கடந்து போய்விடுகிறார்கள்.

லேதமின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. நாட்டுக்கு ஆபத்து இருக்கிறதா, யாரால் இருக்கிறது, அதை எப்படிச் சந்திப்பது என்பவை நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரித்துத் தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல. உளவுத் தகவல்கள் அரசிடம் உள்ளன. அவற்றை வெளியிட்டால் அவற்றால் பயன் இல்லாமற் போகும். அரசு தவறு செய்தால் நாடாளுமன்றம் கேட்கும், நாடாளுமன்றம் தவறு செய்தால் வாக்காளர் கேட்பார்கள். நீதிபதி தவறு செய்தால் யார் கேட்பது?

போர் மூண்ட பிறகு அதிகாரம் விரியும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பின் ஆறுதலையும் என்னால் ஏற்க இயலவில்லை. உள்நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிடும் ஓர் அமைப்பு போர் அறிவித்துவிட்டா தொடங்கும்? எதிரி வாசலுக்கு வந்த பிறகுதான் கதவைச் சாத்தலாம் என்று அரசியலமைப்பு சொல்வதாகப் பொருள் கொள்வது, அரசியலமைப்பைக் காப்பதற்கான வழியாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டவர் சுட்டிய தேர்தல் வெற்றியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தீர்ப்புக்குப் பிறகு 1951 ஏப்ரல் 28 அன்று நடந்த தேர்தலில் மென்சிஸ் மீண்டும் வென்றார், இந்த முறை செனட்டையும் சேர்த்து. மக்கள் ஒரு முறை அல்ல, இரண்டு முறை பேசிவிட்டார்கள்.

மூன்றாம் பதில்

சென்னையில் வழக்கறிஞராக உள்ளவன் என்ற முறையில், அதே காலத்தில் நம் ஊரிலேயே நடந்த ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். லேதமுக்கான மறுமொழி அதில் கிடைக்கிறது என்பது என் கருத்து.

கம்யூனிஸ்ட் கட்சி 1949-இல் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. 1950 மார்ச்சில் மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பையும் சட்டவிரோதமானது என்று மாகாண அரசு ஆணையிட்டது. அந்தச் சங்கத்தின் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். 1908-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தைச் சென்னை அரசு 1950-இல் திருத்தியிருந்தது. அதன்படி, ஒரு சங்கம் பொது அமைதிக்குக் கேடானது என்று அரசு கருதி அறிவித்தால் போதும்; பிறகு ஆலோசனைக் குழு ஒன்று காகிதங்களைப் பார்க்கும். அந்தக் குழுவின் முன் சங்கத்தார் நேரில் வந்து வாதிட வழியில்லை. அரசிதழில் வெளியிட்டால் அறிவித்ததாகிவிடும். சங்கத்தாருக்குத் தனியே கடிதம் அனுப்பத் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 1952 மார்ச் 31 அன்று, தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம்முடைய அரசியலமைப்பில் சங்கம் அமைக்கும் உரிமை 19-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே இரண்டு நீதிமன்றங்களும் வந்த வழி வேறு. ஆயினும் இரண்டும் நின்ற இடம் ஒன்று. ஒரு சங்கம் ஆபத்தானது என்று குற்றம் சாட்டும் அரசின் கருத்தே அது ஆபத்தானது என்பதற்கு இறுதிச் சான்றாக இருக்க முடியாது. தடையே கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை; உண்மைகளை ஒரு நீதித் துறை விசாரணையில் வைத்துச் சோதிக்காமல் தடை கூடாது என்றது நம் உச்ச நீதிமன்றம். இரகசியத் தகவல்கள் பற்றிய லேதமின் கவலை நியாயமானதே. ஆனால் அதற்காக விசாரணையையே எடுத்துவிட வேண்டியதில்லை. 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், ஓர் அமைப்பைத் தடை செய்யும் அறிவிப்பை அரசு முப்பது நாட்களுக்குள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அது ஆறு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்தத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் அரசின் பக்கமே சாய்ந்திருக்கின்றன என்பது எனக்குள்ள வருத்தம். இருந்தாலும் அப்படியொரு படி இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு.

மக்கள் தீர்ப்பைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்கிறேன். தடைக்கு உள்ளான அதே கம்யூனிஸ்ட் கட்சி, 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தில் 62 இடங்களைப் பெற்று இரண்டாவது பெரிய கட்சியாக வந்தது. தேர்தலில் நிற்கவிடாமல் தடுத்திருந்தால், அத்தனை தொகுதி வாக்காளர்களின் விருப்பம் என்னவென்று தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

நான்காம் பதில்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீதிமன்றத்துக்கு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மேலே உள்ள பதில்களைப் படிப்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதால் சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன்.

1983 யூலைப் படுகொலைகள் நடந்து முடிவதற்குள், அந்தக் கலவரத்துக்குக் காரணமானவர்கள் என்று குற்றஞ்சாட்டி, மக்கள் விடுதலை முன்னணி, நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றையும் அரசாங்கம் அவசரகால விதிகளின் கீழ்த் தடை செய்தது. விசாரணை எதுவும் நடக்கவில்லை. அடுத்த சில நாட்களில், ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தனிநாட்டைக் குறிக்கோளாகக் கொண்ட கட்சி என்று ஒன்றை அறிவிக்கும் அதிகாரத்தை 157ஏ என்ற அந்தப் புதிய உறுப்புரை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்கே கொடுத்தது. எழுத்தில் பார்த்தால் ஆஸ்திரேலியச் சட்டத்தைவிட இது ஒழுங்கானதாகத் தெரியும்.

ஆனால் அதே திருத்தம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவரும் தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. 1977 தேர்தலில் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்தே மக்களிடம் ஆணை பெற்று வந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதைச் செய்ய மறுத்துத் தமது ஆசனங்களை இழந்தார்கள். கட்சியைத் தடை செய்யும்படி எவரும் நீதிமன்றம் போக வேண்டிய தேவையே எழவில்லை. வடக்குக் கிழக்குத் தமிழ் மக்கள் வாக்களித்து அனுப்பிய குரல் பாராளுமன்றத்தில் இல்லாமற் போனதன் விளைவை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம்.

157ஏ உறுப்புரையின் கீழ் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராக 2014-இல் தாக்கலான மனு ஒன்றுக்கு 2017-இல் தீர்ப்பு வந்தது. சமஷ்டி (கூட்டாட்சி) ஆட்சியைக் கோருவது பிரிவினை ஆகாது என்று நீதிமன்றம் சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். கட்சியின் கொள்கை அறிக்கையைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, எது பிரிவினை, எது பிரிவினையல்ல என்று பிரித்துச் சொன்னதால் மதிக்கிறேன். 1983-இல் பாராளுமன்றத்தில் அந்தப் பொறுமை எவருக்கும் இருக்கவில்லை.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மிக்க நன்றி. இலங்கை அனுபவத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஜெர்மனியில் நீதிமன்றம் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்கிறது? இரண்டாவது, 1951 ஏப்ரல் தேர்தலில் மென்சிஸ் வென்றார் என்றால், அவர் ஏன் அரசியலமைப்பையே திருத்தித் தடையைக் கொண்டுவரவில்லை?

ஐந்தாம் பதில்

ஜெர்மனி பற்றி மட்டும் சொல்கிறேன். அந்நாட்டின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, சுதந்திர ஜனநாயக அமைப்பைக் குலைக்கவோ ஒழிக்கவோ முனையும் கட்சி அரசியலமைப்புக்கு விரோதமானது. கீழவையோ மேலவையோ மத்திய அரசோ மனுச் செய்யலாம். முடிவு சொல்வது கார்ல்ஸ்ரூயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் மட்டுமே. அமர்வின் எட்டு நீதிபதிகளில் ஆறு பேராவது உடன்பட வேண்டும். அந்த முடிவு வரும்வரை கட்சி சட்டப்படியான கட்சிதான்.

இதுவரை இரண்டு கட்சிகளே தடைக்கு உள்ளாயின. நாஜிகளின் வழிவந்த சோசலிச ரைக் கட்சி 1952-இல் தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி மீதான மனு 1951-இல் தாக்கலாகி, 1956-இல்தான் தீர்ப்பு வந்தது. இதற்கிடையே அந்தக் கட்சி 1949-இல் பெற்ற 5.7 விழுக்காட்டிலிருந்து 1953-இல் 2.2 விழுக்காடாகத் தேய்ந்துபோயிருந்தது. தீவிர வலதுசாரியான என்பிடி கட்சி மீதான முதல் வழக்கு 2003-இல் நின்றுபோனது. கட்சியின் தலைமை மட்டத்திலேயே அரசின் உளவாளிகள் இருந்ததால், எது கட்சியின் பேச்சு, எது உளவாளியின் பேச்சு என்று பிரிக்க முடியாமற் போயிற்று. கேட்க எளிதாக இருந்தாலும் இது முக்கியமான பாடம்: குற்றம் சாட்டும் அரசின் கை சான்றுக்குள்ளேயே புகுந்திருந்தால் அதை வெளியே கொண்டுவருவது விசாரணைதான். இரண்டாம் வழக்கில் 2017 ஜனவரி 17 அன்று, என்பிடியின் நோக்கங்கள் அரசியலமைப்புக்கு விரோதமானவையே, ஆனால் அவற்றை நிறைவேற்றும் வலிமை அதற்கு இருப்பதாகக் காட்டும் திட்டவட்டமான அறிகுறி இல்லை என்று சொல்லித் தடையை மறுத்தார்கள். ஏஎஃப்டிக்கு 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 விழுக்காடு வாக்கு கிடைத்திருப்பதால், வலிமை இல்லை என்ற காரணம் அங்கே எழாது. நோக்கம் என்ன என்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். அந்த ஜனவரி விவாதத்தில் தயங்கியவர்கள் பலரும் கேட்டது, அதற்கான சான்று போதுமா என்பதைத்தான். அது சரியான தயக்கம் என்றே நான் கருதுகிறேன்.

முதல் பதில் எழுதியவர் மீண்டும்

உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். மென்சிஸ் அதற்குத்தான் முயன்றார். ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறினால் மட்டும் போதாது. பொது வாக்கெடுப்பில் நாடு முழுவதிலுமுள்ள வாக்காளர்களில் பெரும்பான்மையினரும், ஆறு மாநிலங்களில் நான்கும் ஒப்ப வேண்டும். கம்யூனிஸ்டுகள் தொடர்பாகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருவதா என்ற கேள்வி 1951 செப்டம்பர் 22 அன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. தொடக்கத்தில் எடுத்த கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையோர் தடைக்கு ஆதரவாகவே இருந்தார்கள்.

சிஃப்லி ஜூனில் இறந்துவிட, எவட் தொழிற்கட்சியின் தலைவராகியிருந்தார். அவருடைய கட்சியிலேயே பலர் ஒதுங்கிக்கொண்டபோதும், நாடெங்கும் சென்று பேசினார். கம்யூனிசத்தை ஆதரித்து அவர் பேசவில்லை. அறிவிக்கப்பட்டவர் தம் குற்றமின்மையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். லிபரல் கட்சிக்குள்ளும் ஒரு சிலர் எதிர்த்தார்கள். பிற்காலத்தில் செனட்டரான ஆலன் மிஸ்ஸன் என்ற இளைஞர், அதற்காகத் தம் கட்சியில் நடவடிக்கைக்கு ஆளானார்.

ஆதரவு 49.44 விழுக்காடு, எதிர்ப்பு 50.56 விழுக்காடு. ஏறத்தாழ 52,000 வாக்கு வித்தியாசம். குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகியவை ஆதரித்தன. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவை மறுத்தன. மக்கள் இரண்டு முறை பேசிவிட்டார்கள் என்று எழுதிய நண்பருக்கு இதையே மறுமொழியாகச் சொல்வேன். பொதுத் தேர்தலில் மக்கள் நூறு காரணங்களுக்காக வாக்களிக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கேட்டபோது, ஐந்து மாதங்களுக்கு முன் மென்சிஸைத் தேர்ந்தெடுத்த அதே வாக்காளர்கள் அவர் கேட்ட அதிகாரத்தைத் தர மறுத்தார்கள். வித்தியாசம் சிறியது என்பதை மறைக்க மாட்டேன். வேறு மாதிரியும் முடிந்திருக்கலாம். ஆனால் நேராகக் கேட்டு நேராகப் பெற்ற பதில் அது ஒன்றுதான்.

கட்சி சட்டப்படியே தொடர்ந்து இயங்கி, தேர்தல்களில் நின்று, தோற்று, பிளவுபட்டு, 1991-இல் தானாகவே கலைந்தது. தீர்ப்பை நேரடியாகப் படிக்க விரும்பினால், நீதிபதி டிக்சனின் பகுதி நீளமானது, செறிவானது. முதலில் ஃபுல்லகரைப் படித்துவிட்டு, அடுத்து லேதமின் மாறுபட்ட தீர்ப்பைப் படியுங்கள். அதன் பிறகு டிக்சன் எளிதாகப் புரிவார்.